நர்ஸ் பிராக்டிஷனர் கல்வியும் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பற்றி யோசிக்கும் செவிலியர்களும், செவிலியர் கல்லூரி ஆசிரியர்களும், இத்துறை ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. இப்பணி பிறந்ததும், இது குறித்த ஆய்வுகளில் பெரும்பகுதி நடந்ததும் அமெரிக்காவில்தான். ஆகவே வேறு நாட்டின் பெயர் சொல்லப்படாத இடங்களில் அமெரிக்க விதிகளே பேசப்படுகின்றன.

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் யார்? பதிவு பெற்ற செவிலியரிலிருந்து அவர் எங்கே வேறுபடுகிறார்?

பதிவு பெற்ற செவிலியர் பெரும்பாலும் மருத்துவர் வகுத்த சிகிச்சையை நிறைவேற்றுகிறார். நோயாளியின் நிலையைக் கண்காணித்து, மாற்றம் தெரிந்தால் உடனே தெரிவிக்கிறார். நர்ஸ் பிராக்டிஷனரோ நோயின் வரலாற்றைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் முதலியவற்றுக்கு எழுதிக்கொடுத்து, அவற்றின் முடிவுகளைக் கொண்டு நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதி, தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பையும் ஏற்கிறார். கண்டறிதலும் மருந்து எழுதுதலும் சட்டப்படி அவருடைய கையெழுத்தில் நடக்கின்றன என்பதுதான் மையமான வேறுபாடு.

அமெரிக்காவில் 2008-இல் உருவான பொது உடன்படிக்கை மேம்பட்ட செவிலியர் பணியை நான்காகப் பிரிக்கிறது: நர்ஸ் பிராக்டிஷனர், கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், மயக்க மருந்து செவிலியர், பேறுகாலச் செவிலியர். மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிக்கும் பிசிஷியன் அசிஸ்டன்ட் இந்த நான்கில் சேராதவர்; அவருடைய கல்வி செவிலியர் கல்வியின் மேல் கட்டப்பட்டதன்று.

இந்தப் பணி எப்போது, எதற்காகத் தொடங்கியது?

1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரச் செவிலியரான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவரான ஹென்றி சில்வரும் சேர்ந்து முதல் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். மருத்துவர் எளிதில் கிடைக்காத ஊர்களில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிப்பதும், சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை தருவதும் அதன் நோக்கம். அந்த ஆண்டிலேயே முதியோருக்கான மெடிகேர், வறியோருக்கான மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் சட்டமாயின. சிகிச்சை கேட்டு வருவோரின் எண்ணிக்கை பெருகும் நிலை உருவானது. பிசிஷியன் அசிஸ்டன்ட் பயிற்சி டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் 1965-இல்தான் என்பதால், இரண்டும் ஒரே பற்றாக்குறைக்குக் கிடைத்த இரு வேறு விடைகள் என்று கொள்ளலாம். ஃபோர்ட் 2025 ஜனவரியில் தம் 104-ஆம் வயதில் காலமானார்.

மருத்துவர் பற்றாக்குறையே இப்பணியைப் பெற்றெடுத்தது என்ற கூற்றை ஃபோர்ட் முழுதாக ஏற்றதில்லை. சமுதாயத்தில் பணிபுரியும் செவிலியர் ஏற்கெனவே செய்துவந்த வேலைக்கு முறையான கல்வியும் அதிகாரமும் தருவதே தம் எண்ணம் என்பது அவர் நிலைப்பாடு. இன்றைய கல்வி விவாதங்களில் இந்த வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது: மருத்துவரின் இடத்தை நிரப்புபவராகப் பார்த்தால் பாடத்திட்டம் ஒரு வகையாகவும், செவிலியத்தின் விரிவாகப் பார்த்தால் வேறு வகையாகவும் அமைகிறது.

என்ன படிக்க வேண்டும்?

முதலில் செவிலியராகப் பதிவு பெற வேண்டும். பிறகு முதுநிலைப் பட்டமோ, டிஎன்பி எனப்படும் செவிலியப் பணிசார் முனைவர் பட்டமோ பெற வேண்டும். எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவாக மூன்று பாடங்கள் உண்டு: மேம்பட்ட நோய்உடலியங்கியல், மேம்பட்ட உடல் மதிப்பீடு, மேம்பட்ட மருந்தியல். இவற்றின் மேல், எந்த மக்கள் பிரிவைக் கவனிக்கப் போகிறாரோ அதற்கான பாடங்களும் பயிற்சியும் வரும். 2008 உடன்படிக்கை அத்தகைய ஆறு பிரிவுகளை வகுத்தது: குடும்பம், வளர்ந்தோரும் முதியோரும், பச்சிளங்குழந்தைகள், குழந்தைகள், மகளிர் நலம், மனநலம். படிப்பு முடிந்ததும் அந்தப் பிரிவுக்குரிய தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுதி, பின்னர் மாநில உரிமம் பெற வேண்டும்.

டிஎன்பி பட்டம் கட்டாயமாகிவிட்டதா?

இல்லை. அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகளின் சங்கம் 2004-இல், 2015-க்குள் மேம்பட்ட பணிக்கான கல்வி முழுவதும் டிஎன்பி நிலைக்கு உயர வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த ஆண்டு வந்தது, போனது; முதுநிலைத் திட்டங்கள் தொடர்ந்தன. நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் தேசிய அமைப்பு 2018-இல் 2025-ஐப் புதிய இலக்காக வைத்தது. அதன் பின்னும் முதுநிலைப் பட்டத்தோடு சான்றிதழும் உரிமமும் பெற முடிகிறது. மயக்க மருந்து செவிலியத் துறை மட்டும் முனைவர் நிலையை உண்மையாகவே கட்டாயமாக்கிவிட்டது. அங்கே அங்கீகாரம் வழங்கும் அமைப்பு விதியை மாற்றியது. மற்ற துறைகளில் வெளிவந்தவை பரிந்துரைகளே. இலக்கு தவறியதற்கான காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

டிஎன்பியும் பிஎச்டியும் ஒன்றா?

இரண்டும் முனைவர் பட்டங்களே. ஆனால் அவற்றின் வேலை வேறு. பிஎச்டி படிப்பவர் புதிய அறிவை உருவாக்கும் ஆய்வை நடத்துகிறார். டிஎன்பி படிப்பவர், ஏற்கெனவே உள்ள ஆதாரத்தை ஒரு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ நடைமுறைப்படுத்தி, தரம் மேம்பட்டதா என்று அளந்து காட்டுகிறார். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மறுபரிசோதனைக்கு வராமல் போவதைக் குறைக்க ஒரு நினைவூட்டல் முறையை அமைத்து, முன்பும் பின்பும் ஒப்பிடுவது டிஎன்பி திட்டப்பணி. அந்த நோயாளிகள் ஏன் வருவதில்லை என்பதைப் பல இடங்களில் ஆராய்ந்து விளக்குவது பிஎச்டி ஆய்வு.

டிஎன்பி சேர்க்கை விரைந்து வளர்ந்த காலத்தில் பிஎச்டி சேர்க்கை தேங்கிப்போனது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. நர்ஸ் பிராக்டிஷனர் பணியைக் குறித்த ஆய்வுகளை எதிர்காலத்தில் யார் நடத்துவார் என்ற கேள்வி அதனால் எழுகிறது. ஒரே கிளினிக்கில் சில மாதங்கள் நடந்த திட்டப்பணிகள் ஆயிரக்கணக்கில் குவிந்தாலும், அவை பல இடங்களில் ஒரே முறையில் நடக்கும் ஒரு நல்ல பல்மைய ஆய்வுக்கு ஈடாகமாட்டா.

மருத்துவப் பயிற்சி நேரம் எவ்வளவு? அது போதுமா?

கல்வித் தரத்துக்கான தேசியப் பணிக்குழு 2022-இல் வெளியிட்ட தர விதிகளின் ஆறாம் பதிப்பின்படி, நோயாளிகளை நேரில் கவனிக்கும் பயிற்சி குறைந்தது 750 மணி நேரம் இருக்க வேண்டும். அதற்கு முன் இந்த வரம்பு 500 ஆக இருந்தது. டிஎன்பி பட்டத்துக்கு, இளநிலைக்குப் பின் மொத்தம் 1,000 மணி நேரப் பணிப்பயிற்சி எதிர்பார்க்கப்படுகிறது.

போதுமா என்பதுதான் இத்துறையில் மிகச் சூடாக வாதிடப்படும் கேள்வி. எதிர்த்தரப்பினர், குடும்ப மருத்துவர் நான்காண்டு மருத்துவக் கல்லூரிக்குப் பின் மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைக் கவனிக்கும் மூன்றாண்டு உறைவிடப் பயிற்சியும் முடிப்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். ஆதரவாளர்கள், படிப்பில் சேரும் செவிலியருக்கு ஏற்கெனவே இருக்கும் பணியனுபவத்தைச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்கின்றனர். இரு வாதங்களிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. செவிலியராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர் நோயாளியின் நிலை சரிவதை முன்கூட்டியே உணர்வதில் தேர்ந்தவர். ஆனால் பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியிலிருந்து சரியான நோயைப் பிரித்தெடுப்பது அவர் அதுவரை பொறுப்பேற்றுச் செய்யாத வேலை. மேலும், முன்னனுபவம் இல்லாதவர்களை நேரடியாகச் சேர்க்கும் திட்டங்களும் உள்ளன. அங்கே ஆதரவாளர்களின் கணக்கு பொருந்தாது. எதிர்த்தரப்பின் ஓட்டையோ, மணி நேரத்தைத் திறமைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வது. 500 என்ற எண்ணோ 750 என்ற எண்ணோ, அந்த நேரத்தை முடித்தவர் இவ்வளவு செய்வார் என்று அளந்து கண்ட முடிவன்று. நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட கீழ்வரம்பு.

இந்தக் குறையை உணர்ந்தே கல்வி இப்போது திறன் அடிப்படைக்கு நகர்கிறது. செவிலியக் கல்லூரிகளின் சங்கம் 2021-இல் வெளியிட்ட 'அடிப்படைக் கூறுகள்' என்னும் ஆவணம் பத்துத் துறைகளாகத் திறன்களை வகுத்துள்ளது. மாணவர் எத்தனை மணி நேரம் நின்றார் என்பதைவிட, நெஞ்சுவலியோடு வந்தவரை ஆசிரியரின் தலையீடின்றி மதிப்பிட்டு முடிவெடுக்க அவரை நம்பி விடலாமா என்பதே இப்பார்வையில் முக்கியமான கேள்வி. இதை அளக்க, 1970-களில் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கிய பல நிலையத் தேர்வு பயன்படுகிறது: மாணவர் வரிசையாகப் பல நிலையங்களுக்குச் சென்று, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைப் பரிசோதிப்பார், மதிப்பெண் முன்கூட்டியே எழுதப்பட்ட பட்டியலின்படி வழங்கப்படும். நல்ல முறைதான், ஆனால் செலவும் ஆள்பலமும் அதிகம் வேண்டும்.

பாவனைப் பயிற்சி (பொம்மைகளையோ நடிப்பவர்களையோ நோயாளியாகக் கொண்டு பழகுவது) நோயாளிகளை நேரில் பார்ப்பதற்கு மாற்றாகுமா?

2014-இல் மாநிலச் செவிலிய வாரியங்களின் தேசிய மன்றம் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் முடிவில் வேறுபாடு இல்லை என்று கண்டது. இந்த முடிவை நர்ஸ் பிராக்டிஷனர் கல்விக்கு அப்படியே பொருத்துவோர் பலர், அது தவறு. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் இன்னும் செவிலியராகப் பதிவு பெறாத அடிப்படைநிலை மாணவர்கள். மேம்பட்ட நிலையில் இதற்கு நிகரான பெரிய ஆய்வு வரும்வரை, பாவனைப் பயிற்சியை நேரடிப் பயிற்சியின் மேல் கூடுதலாகக் கொள்வதே பாதுகாப்பானது.

பயிற்சி வழிகாட்டிகள் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம்?

வழிகாட்டி என்பவர் தம் அன்றாட நோயாளிகளுக்கு நடுவே மாணவரையும் கவனிக்கும் பணியிலுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் அல்லது மருத்துவர். மாணவர் உடன் இருக்கும் நாளில் நோயாளிகளைப் பார்க்கும் வேகம் குறைகிறது. ஊதியமோ, பார்க்கும் எண்ணிக்கையைச் சார்ந்திருக்கிறது. மருத்துவர்களின் உறைவிடப் பயிற்சிக்கு மெடிகேர் பெருந்தொகை தருகிறது. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கு அதற்கு நிகரான நிலையான நிதி இல்லை. ஜார்ஜியா, மேரிலாந்து, கொலராடோ, ஹவாய் முதலிய சில மாநிலங்கள் வழிகாட்டிகளுக்கு வரிச்சலுகை தருகின்றன. சில கல்லூரிகள் வழிகாட்டியைத் தேடும் பொறுப்பை மாணவர் தலையிலேயே ஏற்றிவிடுகின்றன. சேர்வதற்கு முன் ஒரு கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியுமானால், வழிகாட்டியை யார் ஏற்பாடு செய்வார் என்பதையே கேட்க வேண்டும்.

இணையவழிப் படிப்பு ஏற்கத்தக்கதா?

பாடங்களைப் பொறுத்தவரை ஏற்கத்தக்கது. அங்கீகாரம் உள்ளதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். நோயாளிப் பயிற்சி எந்தத் திட்டத்திலும் நேரில்தான்.

படிப்பு முடிந்த பிறகும் உறைவிடப் பயிற்சி தேவையா?

சட்டம் பொதுவாகக் கேட்பதில்லை. ஆனால் முதல் ஆண்டு கடினமானது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை: நேற்றுவரை அனுபவம் மிக்க செவிலியராக மதிக்கப்பட்டவர், இன்று ஒவ்வொரு முடிவிலும் தடுமாறும் புதியவராகிறார். 2007-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமுதாய நல மையம் ஓராண்டு முதுநிலைப் பயிற்சியைத் தொடங்கியது. அதன் பின் நாடெங்கும் இத்தகைய திட்டங்கள் பரவின. பங்கேற்றவர்கள் தன்னம்பிக்கை கூடியதாகச் சொல்கின்றனர். தன்னம்பிக்கை கூடியதால் கண்டறிதலில் பிழை குறைந்ததா என்பது வேறு கேள்வி. ஆய்வாளர்கள் கவனம் செலுத்த வேண்டியது அங்கேதான்.

மருத்துவருக்கு இணையான பராமரிப்பைத் தருகிறார்களா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதல்நிலைப் பராமரிப்பைப் பொறுத்தவரை, அரை நூற்றாண்டாகச் சேர்ந்த ஆதாரம் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பர்லிங்டன் நகரில் நடந்த ஆய்வு 1974-இல் வெளியானது. 1,598 குடும்பங்கள் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல், பிரிக்கப்பட்டு, ஒரு பகுதி நர்ஸ் பிராக்டிஷனரிடமும் அதைப்போல் இரு மடங்கு மருத்துவரிடமும் ஒப்படைக்கப்பட்டன. உடல், மன, சமூக நலன்களில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை. செவிலியரின் சேவைக்குக் கட்டணம் பெற விதி இடம் தராததால், அந்த மருத்துவர்களுக்கு மட்டும் அது லாபகரமாக இருக்கவில்லை.

நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு மருத்துவர்களுக்குரிய அதே அதிகாரமும் பொறுப்பும் தரப்பட்டிருந்தன. ஆறு மாதங்களுக்குப் பின் நீரிழிவு, ஆஸ்துமா அளவீடுகளில் வேறுபாடு இல்லை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களின் டயஸ்டாலிக் அளவு (ரத்த அழுத்தத்தின் கீழ் எண்) நர்ஸ் பிராக்டிஷனர் தரப்பில் 82, மருத்துவர் தரப்பில் 85. இந்த மூன்று புள்ளிகளை வெற்றி முழக்கமாக்க வேண்டியதில்லை. மருத்துவ ஆதாரங்களைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட மீளாய்வு 18 சமவாய்ப்பு ஆய்வுகளைத் தொகுத்து, முதல்நிலைப் பராமரிப்பில் செவிலியர்கள் மருத்துவருக்கு நிகரான அல்லது சற்று மேலான பலனைத் தரக்கூடும் என்றும், நோயாளிகளின் மனநிறைவு சற்றுக் கூடுதல் என்றும், ஒருவரைப் பார்க்கும் நேரம் நீளுகிறது என்றும் கண்டது. அந்த 18-இல் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் செல்வ நாடுகளில் நடந்தவை. அவற்றிலிருந்த செவிலியர்களின் கல்வித் தகுதியும் ஒரே அளவினதன்று.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுத் தரவைக் கொண்டு 2022-இல் இரு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, நர்ஸ் பிராக்டிஷனரிடம் சென்றவர்கள் அங்கே தங்கிய நேரம் 11 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கை 20 சதவீதமும் கூடியதாகக் கண்டது. இதை ஒரு தரப்பு கொடியாக உயர்த்துகிறது; மறுதரப்பு கண்டுகொள்ளாமல் கடக்கிறது. இரண்டும் சரியன்று. அவசரப் பிரிவு முதல்நிலைப் பராமரிப்பன்று: அங்கே வருபவர் முன்பின் தெரியாதவர், நோய் எதுவாகவும் இருக்கலாம், முடிவெடுக்க நேரம் குறைவு. குடும்ப நலப் பிரிவில் பயின்றவரை அங்கே பணியமர்த்தினால் பயிற்சிக்கும் பணிக்கும் இடையே இடைவெளி விழுவது இயல்பு. அதே ஆய்வு, இரு தொழில்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிட ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாடு பெரிது என்றும் காட்டுகிறது. இணையா, இல்லையா என்று இன்னுமோர் ஆய்வு நடத்துவதைவிட, எந்தப் பயிற்சி, எந்தப் பணியிடத்தில், எந்த நோயாளிக்கு நல்ல பலன் தருகிறது என்று கேட்பதே இனிப் பயன்தரும்.

இவ்வளவு காலமாகியும் ஏன் தெளிவான தரவு இல்லை?

பெரும் காரணம் பில் போடும் முறை. 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நர்ஸ் பிராக்டிஷனர் தம் பெயரிலேயே மெடிகேரில் கட்டணம் கோரலாம். மருத்துவருக்குரிய தொகையில் 85 சதவீதம் கிடைக்கும். ஆனால் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதே சேவையை மருத்துவரின் பெயரில் பதிந்தால் முழுத்தொகையும் கிடைக்கும். அவ்வாறு பதியும்போது, நோயாளியைப் பார்த்த நர்ஸ் பிராக்டிஷனர் தரவிலிருந்தே மறைந்துபோகிறார். அவர் தந்த பராமரிப்பின் நன்மையும் தீமையும் மருத்துவரின் கணக்கில் ஏறுகின்றன. மெடிகேருக்கு ஆலோசனை கூறும் ஆணையம் 2019-இல் இந்த வழக்கத்தை நீக்கப் பரிந்துரைத்தது. காப்பீட்டுத் தரவை மட்டும் நம்பிய எந்த ஆய்வையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

தனித்துப் பணியாற்றும் அதிகாரம் எல்லா இடத்திலும் உண்டா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் முழு அதிகாரம் தருகின்றன. மற்றவை மருத்துவருடன் ஒப்பந்தமோ மேற்பார்வையோ கேட்கின்றன. முன்னாள் படைவீரர் துறை 2016 இறுதியில் தன் மருத்துவமனைகளில் முழு அதிகாரம் வழங்கியது. சட்டம் மாறும் ஒவ்வொரு முறையும், மாறுவதற்கு முன்பும் பின்பும் ஒப்பிட ஆய்வாளர்களுக்கு ஓர் இயற்கையான வாய்ப்பு கிடைக்கிறது. ஓபியாய்டு (அபின் வகை வலிநீக்கிகள்) அடிமைத்தனத்துக்கான பியூப்ரெனார்பின் மருந்தை எழுத, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு இடம் தந்தது. மருத்துவருக்கு 8 மணி நேரப் பயிற்சி போதும் என்றும், இவர்களுக்கு 24 மணி நேரம் வேண்டும் என்றும் விதி இருந்தபோதிலும், கிராமப்புறங்களில் அம்மருந்தை எழுதும் தகுதி பெற்றோர் பெருகியதில் இவர்களுக்கும் பிசிஷியன் அசிஸ்டன்ட்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அந்தச் சிறப்பு அனுமதி முறையே 2022 இறுதியில் நீக்கப்பட்டது.

மற்ற நாடுகளில் கல்வி எப்படி?

பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதுநிலைப் பட்டத்தை அடிப்படைத் தகுதியாகக் கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் முதுநிலைப் பட்டத்தோடு, கடந்த ஆறு ஆண்டுகளுக்குள் மேம்பட்ட நிலையில் 5,000 மணி நேரப் பணியனுபவமும் வேண்டும். அமெரிக்க விவாதத்தில் சிக்கலாகிவிட்ட முன்னனுபவக் கேள்விக்கு இது நேரான விடை. பிரிட்டனில் மேம்பட்ட பணியில் செவிலியர் மட்டுமன்றிப் பிற நலத்துறைப் பணியாளரும் சேரலாம்; அது மருத்துவப் பணி, தலைமை, கல்வி, ஆய்வு ஆகிய நான்கு தூண்களின் மேல் அமைக்கப்பட்டுள்ளது. நெதர்லாந்தும் நியூசிலாந்தும் சட்டப் பாதுகாப்புள்ள பதவியாக இதை வளர்த்துள்ளன. இந்தியாவில் இந்தியச் செவிலியர் மன்றம் தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை ஈராண்டு முதுநிலை உறைவிடப் பயிற்சியாக வகுத்தது. 2018-இல் வெளியான பேறுகாலச் சேவை வழிகாட்டுதல் பேறுகாலத்துக்கான நர்ஸ் பிராக்டிஷனர்களுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சியைக் கொண்டுவந்தது.

ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆய்விலிருந்த செவிலியர்களின் கல்வித் தகுதி சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கட்டுரைகளில் அது ஒரு வரியோடு முடிந்துவிடும். அடுத்து, அவர்கள் தாமே முடிவெடுத்தார்களா, மருத்துவர் பக்கத்து அறையில் இருந்தாரா என்று பாருங்கள். பின்தொடர்ந்த காலம் ஆறு மாதமா, இரண்டு ஆண்டா என்பதும் முக்கியம். நீரிழிவின் சிக்கல்கள் ஆறு மாதத்தில் தலைகாட்டுவதில்லை. எளிய நோயாளிகள் ஒரு தரப்புக்கும் சிக்கலானவர்கள் மறுதரப்புக்கும் அனுப்பப்பட்டிருந்தால், அந்த ஒப்பீட்டை ஏற்பதற்கு முன் ஆசிரியர்கள் அதை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று முறையியல் பகுதியைப் படித்துவிடுங்கள்.

ஒரு பிரிவில் சான்றிதழ் பெற்றவர் பிறகு வேறு பிரிவுக்கு மாறலாமா?

மாறலாம். முழுப் பட்டத்தையும் மீண்டும் படிக்க வேண்டியதில்லை. முதுநிலைக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்பு உண்டு. முன்பு படித்த பாடங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இல்லாத பாடங்களையும் புதிய பிரிவுக்குரிய நோயாளிப் பயிற்சியையும் முடித்து, அந்தப் பிரிவின் தேசியத் தேர்வை எழுத வேண்டும். குடும்ப நலத்திலிருந்து மனநலத்துக்கு மாறுவோர் இப்போது கணிசமாக உள்ளனர்.